என் பசி சந்தனமாரிக்கு

என் பசி இன்னொருத்திக்குப் போகத் தொடங்கிய அன்று நான் பிளஸ் ஒன் சேர்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. காதுக்குப் பின்னால், எலும்பு லேசாகப் புடைத்திருக்கும் இடத்தில், ஸ்டிக்கர் பொட்டு அளவுக்கு ஒரு வில்லையை ஒட்டினார்கள். வலிக்கவில்லை. அந்தத் திட்டத்துக்குக் காகிதத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. பிள்ளைகள் நாங்கள் 'பொட்டு' என்றுதான் சொல்வோம்.

ஒட்டிவிட்டவர் ஜெசிந்தா மேடம். அந்தத் திட்டத்தை நடத்தும் மையத்தில் உணவு ஆலோசகர். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடுகிற ரகம். அம்மாவுக்கு ஆயிரம் சந்தேகம்.

"பசியே வராம அப்படியே நிறுத்திட முடியாதா மேடம்? எதுக்கு இன்னொரு பிள்ளைக்கு அனுப்பணும்?"

"நிறுத்திப் பார்த்தாங்கம்மா. வயிறு அனுப்புற சேதியை யாருமே வாங்கலைன்னா உடம்பு தடுமாறிப்போகுது. யாராவது ஒருத்தர் அதை வாங்கி, சாப்பிட்டு, போதும்னு பதில் அனுப்பணும். அதனாலதான் ஜோடி சேர்க்கிறோம்."

"அந்தப் பக்கம் யாரு?"

"பேர் சொல்லக்கூடாது. ஒரு கிராமத்துப் பொண்ணு. சின்ன வயசுலேர்ந்து டீயும் பன்னுமாவே வயித்தை ஏமாத்தி, பசி செத்துப்போன பிள்ளைங்க நிறைய இருக்காங்க. இப்ப தட்டுல சோறு இருந்தாலும் இறங்காது. ரத்தசோகை. உங்க பொண்ணுகிட்ட இருக்கிற அதிகப் பசி அங்க போனா அது சாப்பிடும். இவளும் அளவா சாப்பிடுவா. ரெண்டு பேருக்கும் நல்லது."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒரே ஒரு விஷயம். பசிக்கலைன்னாலும் மணி பார்த்துச் சாப்பிடணும். பொட்டு பசியைத்தான் அனுப்பும், சோத்தை அனுப்பாது. நீ பட்டினி கிடந்தா அந்தப் பிள்ளை எவ்வளவு சாப்பிட்டாலும் அடங்காது. புரியுதா?"

புரிந்தது. இதை நான் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எனக்கு அன்றே நன்றாகப் புரிந்தது.

என் பெயர் குகப்ரியா. வீட்டில் குகா. பள்ளியில் ரோடு ரோலர். பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், "அவளுக்கே அது ரெண்டு பேர் சீட்டு" என்பார்கள். நான் ஏறும்போது பையன்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து காட்டுவார்கள். டிரைவர் அண்ணா உட்பட அனைவரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் மறுநாள் இன்னும் அதிகமாகச் சாய்வார்கள்.

அம்மாவுக்கும் என் வயதில் இதே உடம்புதானாம். பெண் பார்க்க வந்த மூன்று வீட்டுக்காரர்கள் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, பொண்ணு கொஞ்சம் பூசினாப்போல இருக்கு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான்காவதாக வந்தவர் அப்பா. அவர் இப்போது புனேயில் வேலை பார்க்கிறார், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். அம்மா இன்சூரன்ஸ் ஆபீஸ் முடிந்து பெரம்பூர் வீட்டுக்கு வர ஆறரை ஆகும். நான் நாலு மணிக்குக் கதவைத் திறந்து, பையைப் போட்டுவிட்டு, செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் சமையலறைக்குப் போவேன். மிக்சர், பிரெட், காலை மீந்த சாம்பார் சாதம், எது கிடைத்தாலும். மொபைலைச் சொம்பில் சாய்த்துவைத்துக்கொண்டு, இடுப்பே இல்லாத பெண்கள் ஆடுவதைப் பார்த்தபடி சாப்பிடுவேன். ஆறரைக்குள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன்.

பொட்டு ஒட்டிய முதல் திங்கட்கிழமை நாலு மணிக்குக் கதவைத் திறந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. மிக்சர் டப்பா மிக்சர் டப்பாவாக மட்டும் இருந்தது. சோபாவில் உட்கார்ந்தேன். மின்விசிறி சுற்றியது. நாலேகால், நாலரை. இவ்வளவு நேரத்தை வைத்துக்கொண்டு மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை.

முதல் மாதம் மணி பார்த்துச் சாப்பிட்டேன். இரண்டாம் மாதம் ஒருவேளையை விட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது? எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வதை நான் சும்மா உட்கார்ந்தபடி செய்தேன். ஆகஸ்டில் பழைய சுடிதார் தொளதொளத்தது. துணிக்கடையில் "அந்த சைஸ் ஆர்டர் போட்டுத்தான் எடுக்கணும் மேடம்" என்று சொல்லும் பெண், அலமாரியில் தொங்கியதையே எடுத்துக் கொடுத்தாள். அம்மா டிரையல் ரூம் வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பஸ்ஸில் வர்ஷினி என்ற பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

இனிமேல் தனியாக இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் வர்ஷினியும் அவள் கூட்டமும் கூடுவது சாப்பாட்டு மணிக்குத்தான். இவள் டப்பாவில் அவள் கை, அவள் டப்பாவில் இவள் கை. எனக்கு எதுவும் இறங்காது. சோற்றை ஸ்பூனால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருப்பேன். "உனக்கு ஒண்ணும் வேணாம்ல?" என்று கேட்டுவிட்டு என்னைத் தாண்டி டப்பாவை நீட்டுவார்கள். நாலு பேர் சாப்பிடும்போது சாப்பிடாதவள் அங்கே இல்லாத மாதிரிதான். கொஞ்ச நாளில் நான் நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன்.

மொபைலில் பொட்டுக்கென்று ஒரு செயலி உண்டு. அதைத் திறந்தால் 'இணை: நலம்' என்று பச்சையில் எழுதியிருக்கும். தினமும் படுக்கும் முன் பார்ப்பேன். அந்தப் பெண்ணுக்கு எந்த ஊர், கறுப்பா சிவப்பா, அவளுக்கு அண்ணன் தம்பி உண்டா என்றெல்லாம் யோசிப்பேன். உண்மையைச் சொன்னால் அந்த வருடம் நான் அதிகமாக நினைத்துக்கொண்டது அவளைத்தான். நினைத்துக்கொண்டே பட்டினியும் கிடந்தேன்.

தீபாவளி முடிந்த கையோடு கந்த சஷ்டி வந்தது. எங்கள் வீட்டில் முருகன்தான் எல்லாம். அம்மா ஆறு நாளும் பகலில் பட்டினி இருந்து, ராத்திரி மட்டும் பாலும் பழமும் எடுத்துக்கொள்வாள். "நானும் இருக்கேம்மா, தண்ணி மட்டும்" என்றேன்.

அம்மா கொஞ்சம் தயங்கினாள். "தாங்குவியா?"

"எனக்கென்ன? பசிக்கவா போகுது?"

அவளுக்கும் ஜெசிந்தா மேடம் சொன்னது ஞாபகம் இருந்திருக்கும். ஆனால் சாமி காரியம். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

சாயங்காலம் கோயிலில் பெண்கள் என் கன்னத்தைத் தொட்டுத் தங்கள் விரலை முத்தமிட்டுக்கொண்டார்கள். "இந்த வயசுல என்ன வைராக்கியம் பாருங்க" என்றார்கள். நான் தலையைக் குனிந்து அடக்கமாக நின்றேன். இரண்டாம் நாள் செயலியில் பச்சை மஞ்சளானது. நான்காம் நாள் சிவப்பு. 'இணை: கவனிக்கவும்.' மொபைலைக் கவிழ்த்து வைத்தேன். இன்னும் இரண்டே நாள், இதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் நாள் காலையில் செயலியையே அழித்துவிட்டேன். சூரசம்ஹாரம் அன்று கூட்டத்தில் நின்று கைதட்டினேன். இவ்வளவு அசிங்கமாக நான் எந்தக் காலத்திலும் நடந்துகொண்டதில்லை. உடம்பு பெருத்திருந்தபோது என்னைப் பார்த்து நானே வெட்கப்பட்டதுண்டு. அது வேறு வெட்கம். இது இன்றுவரை விடவில்லை.

அதற்கப்புறம் மாதங்கள் போயின. சீப்பில் முடி கொத்தாக வந்தது. மாதவிலக்கு நின்றுபோனது. பிப்ரவரியிலும் போர்வை கேட்டது. பசி மட்டும் வரவே இல்லை. மார்ச்சில் ஒரு நாள் பிரேயரில் நின்றபடியே விழுந்தேன். ஆயா என்னைத் தூக்கிப்போய் பெஞ்சில் படுக்கவைத்து வாயில் குளுக்கோஸைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தபோது எனக்கு அந்தப் பெண்ணின் நினைப்புத்தான். நானே இப்படி விழுகிறேன் என்றால், என் பட்டினியையெல்லாம் வாங்கிக்கொண்டிருப்பவள் எப்படி நடமாடுகிறாள்?

"பொட்டைக் கழட்டிடலாம்மா" என்றேன், அம்மா அழைத்துப்போக வந்ததும்.

"பரீட்சை முடியட்டும் குகா."

"இல்ல. நாளைக்கே. அந்தப் பொண்ணு பாவம்மா."

அம்மா வண்டிச் சாவியைப் பையில் தேடினாள். அது அவள் கையிலேயே இருந்தது.

மறுநாள் மையத்தில் ஜெசிந்தா மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நிறுத்திவிடச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கணினியைத் தட்டினார்.

"எதைம்மா நிறுத்தச் சொல்றே?"

"இணைப்பை. என் பசி அவளுக்குப் போக வேணாம் மேடம்."

"அது நவம்பர்லயே துண்டிச்சாச்சே. சஷ்டி முடிஞ்ச அடுத்த வாரம். அந்தப் பொண்ணு விலகிட்டா."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கை தானாகக் காதுக்குப் பின்னால் போனது. "இது?"

"சும்மா ஒட்டிட்டிருக்கு. நாலு மாசமா அது எதையும் அனுப்பலை."

"அப்ப என் பசி எங்க போகுது?"

அவர் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கயும் போகலைம்மா. வயிறு அனுப்பவே இல்லை. ரொம்ப நாள் சாப்பிடாம இருந்தா அதுவும் ஓய்ஞ்சு போயிரும். அந்தப் பொண்ணுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ, இப்ப உனக்கு அப்படி."

"திரும்ப வருமா?"

"மணி பார்த்துச் சாப்பிட்டா பெரும்பாலும் வரும். எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது. இன்னைக்கே டாக்டரைப் பார்த்துட்டுப் போங்க." பிறகு அம்மாவைப் பார்த்தார். "துண்டிச்ச அன்னைக்கே உங்க நம்பருக்கு மெசேஜ் வந்திருக்கு மேடம். படிச்சதாவும் காட்டுது. பொட்டை எடுக்க அழைச்சிட்டு வரச் சொல்லியிருக்கோம்."

அம்மா சுவரில் ஒட்டியிருந்த காய்கறிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரையும் பார்த்துவிட்டு ஆட்டோவில் வரும்போது, அயனாவரம் சிக்னலில் நின்றோம். அம்மா வெளியே பார்த்தபடியே சொன்னாள். "பொட்டு வேலை செய்யுதுன்னு நீ நம்பினாப் போதும்னு நினைச்சேன். நீயும் சாப்பாட்டைத் தேடலை. உனக்கே கட்டுப்பாடு வந்துருச்சுன்னு சந்தோஷப்பட்டேன் குகா. திரும்ப அந்த பஸ்ல நீ தனியா உக்காரக் கூடாதுன்னு பார்த்தேன்."

"இப்பவும் தனியாத்தாம்மா உக்காந்திருக்கேன்" என்றேன்.

எனக்கு அவளை அடிக்க வேண்டும்போல இருந்தது. அவள் மடியில் விழுந்து அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வீடு வந்து சேர்ந்தோம்.

மையத்திலிருந்து கிளம்பும்போது ஜெசிந்தா மேடம் ஒரு சீட்டு கொடுத்திருந்தார். "விலகும்போது அந்தப் பொண்ணு நம்பர் கொடுத்துட்டுப் போயிருக்கா. உனக்கு விருப்பம்னா பேசலாம்." சீட்டில் சந்தனமாரி என்று எழுதியிருந்தது. அடுத்த நாள் அம்மா ஆபீஸ் போய்விட்டாள், நான் பள்ளிக்கு லீவு. நாலரை மணிக்குத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கூப்பிட்டேன். ஒரு டீச்சர் எடுத்து, "மாரி, ஒனக்குத்தான் போனு" என்று கத்தினார். பின்னால் விசில் சத்தம், யாரோ மூச்சுவிடாமல் கபடி கபடி என்று போகும் சத்தம்.

"யாருங்க?"

"நான் குகப்ரியா. மெட்ராஸ்லேர்ந்து பேசறேன். பொட்டு... உன் ஜோடி."

விசில் சத்தம் தூரமானது. அவள் எங்கோ தள்ளிப் போயிருக்க வேண்டும்.

"நீங்களாக்கா? பெரிய ஆளா இருப்பீங்கன்னு நெனச்சேன். கொரலு சின்னதா இருக்கு." அவளே தொடர்ந்தாள். "ஒடம்பு சரியாயிருச்சா?"

"எதுக்குக் கேக்கறே?"

"தீபாவளிக்குப் பொறவு ஆறு நாளு நீங்க சாப்புடவே இல்லல்லா? காச்சலு கீச்சலுன்னு கிடக்கீங்களோன்னு நெனச்சேன். அதைக் கேக்கத்தான் நம்பரு குடுத்துட்டு வந்தேன். நீங்க கூப்புடல. செத்துகித்துப் போயிட்டீங்களோன்னுகூட நெனச்சேன்."

"உனக்கு அந்த ஆறு நாள் என்ன ஆச்சு?"

அவள் விளாத்திகுளம் பக்கம். ஹாஸ்டலில் தங்கி பத்தாவது படிக்கிறாள். சொல்லும்போது அவள் குரலில் கோபம் இல்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள்.

"மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சுக்கா. பொறந்ததுலேருந்து நான் சோத்தப் பாத்து ஆசப்பட்டதே இல்ல. ரெண்டாந்தடவ சோறு கேட்டப்ப வார்டனே சிரிச்சாங்க. நாலு கிலோ ஏறுனேன். முன்னாடி நான் கேட்ச் புடிக்கப் போனா வாரவ என்னையும் சேத்து இழுத்துட்டுப் போயிருவா. எல்லாரும் என்னக் குச்சிம்பாங்க. ஏறுனதுக்குப் பொறவு நின்னு புடிச்சேன். மாவட்ட செலக்சனுக்குப் பேரு குடுத்தாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் அடங்கல. தட்டக் கழுவுததுக்குள்ள பசிக்கும். ஹாஸ்டல்ல அளந்துதான போடுவாங்க. பக்கத்துப் பிள்ள முட்டைய எடுத்துத் தின்னேன். அரிசிச் சாக்குல கைய விட்டு வார்டன்ட்ட மாட்டுனேன். குச்சின்னு சொன்னவளுக பூதம்னு பேர மாத்திட்டாளுக. அஞ்சாம் நாளு செலக்சன். காலைல கெடைச்சதையெல்லாம் தின்னுட்டுப் போனேன். மொத ரெய்டுலயே கோட்டுக்குள்ள வாந்தி எடுத்துட்டேன். அவ்வளவுதான், வெளிய அனுப்பிட்டாங்க."

"நான் காய்ச்சல்ல கிடக்கலை" என்றேன். "விரதம் இருந்தேன்."

"சாமிக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நுனி நாக்குவரை வந்தது. "சாமி பேரைச் சொல்லி இருந்தேன். இன்னும் மெலியணும்னுதான். உனக்குப் பசிக்கும்னு தெரியும். தெரிஞ்சேதான் இருந்தேன்."

வைத்துவிட்டாள் என்று நினைத்து மொபைலைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"சாமிக்குன்னு சொல்லிருந்தாக்கூட மனசு ஆறிருக்கும்" என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அத்தோடு வைத்திருக்க வேண்டும். ஆனால் உலகத்தில் அவள் ஒருத்தியிடம்தான் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று எனக்கு இருந்தது.

"சந்தனமாரி, என் பசி எப்படி இருந்துச்சு?"

"ஏங்க்கா?"

"எனக்கு இப்ப வரதே இல்லை. எப்படி இருக்கும்னு மறந்துபோச்சு."

அவள் யோசித்தாள். "காலைல பெருசா இருக்காது. மத்தியானம் எல்லாருக்கும் வர்ற மாதிரிதான். சாய்ங்காலம் நாலு மணிக்குத்தான் ஒண்ணு வரும். அது வயித்துல வராதுக்கா, நெஞ்சுக்குழில வரும். சுண்டலு தின்னாலும் போகாது, கஞ்சி குடிச்சாலும் போகாது. எனக்கு என்னன்னே வெளங்கல. ஒருநா அந்நேரத்துக்குப் பிள்ளைகளோட தட்டாங்கல்லு ஆடிக்கிட்டு இருந்தேன், வந்ததே தெரியல. அதுலேருந்து நாலு மணியானா யார்ட்டயாவது போயி ஒக்காந்துருவேன்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள். "ஒங்க வீட்ல நாலு மணிக்கு யாருமே இருக்க மாட்டாங்களாக்கா?"

நான் அழுவது அவளுக்குக் கேட்டிருக்கும். அழாதீங்க என்றெல்லாம் அவள் சொல்லவில்லை.

"சாப்புட்டீங்களா?" என்றாள்.

"இல்லை."

"போயி எடுத்துட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன். டீச்சரு இன்னும் போனத் திருப்பிக் கேக்கல."

தயிர்சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்தேன். மொபைலைப் பக்கத்தில் வைத்தேன். முதல் வாயை மென்று விழுங்க வெகுநேரம் ஆனது. ருசி தெரிந்தது, ஆசை இல்லை. அவள் அந்தப் பக்கம் ஆட்டத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள், யார் ரெய்டு போகிறாள், யார் கால் கோட்டைத் தொட்டது என்று. நான் தின்றேன். ஏழெட்டு வாய் போயிருக்கும்.

"மாரி, போனக் கொண்டா" என்று தூரத்தில் டீச்சரின் குரல் கேட்டது.

"வைக்கட்டாக்கா?"

"இரு. எனக்குப் போதுமா, இன்னும் சாப்பிடணுமான்னு எப்படித் தெரியும்?"

"அதை நான்தான ஒங்களுக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றாள் அவள். "இப்ப எனக்கும் தெரியாதுக்கா."

வைத்துவிட்டாள். தட்டில் இருந்ததைத் தின்று முடித்தேன். சட்டியில் இன்னும் சாதம் இருந்தது. எழுந்து கையைக் கழுவுவதா, இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வதா என்று தெரியாமல், கை காய்ந்துபோக, அம்மா வரும்வரை தட்டுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.